சேணப் பரப்பு

இரவு மூன்று மணிக்குக் கதிர் அறுந்தது.
பசோவிட்சா மேட்டில் போரா காற்று
கூரைத் தகடுகளைப் பிடித்து உலுக்கியது.
எங்கோ ஒரு மின்கம்பி துடித்திருக்க வேண்டும்.
திரையில் பச்சை எண்கள் சுழியத்தில் நின்றன.
"ஒரு மணி நேரமாகும், ஒண்டினா. இரண்டும் ஆகலாம்,"
என்றபடி ஸ்டோயான்
காப்பிக்குத் தண்ணீர் வைத்தான்.

கண்ணாடி நுண்குழாயில்
கொழுப்பும் நீரும்.
கொழுப்பென்றாலும் முழுக் கொழுப்பல்ல:
தலை நீரை நாடும்,
வால் நீரைக் கண்டால் ஓடும்.
தனியே விட்டால் அது ஒரு தவிப்பு.
கோடி கோடியாய்ச் சேர்ந்தால் ஒரு வடிவம்.
வால்களை உள்ளே மறைத்து
தலைகளை இருபுறமும் காவல் நிறுத்தி
இரண்டே மூலக்கூறு கனத்தில் ஒரு தாள்.
யாரும் தைக்கவில்லை.
தலை எவ்வளவு அகலம், வால் எவ்வளவு பருமன்,
சூடு எவ்வளவு,
கேள்வி அவ்வளவுதான்.
தலை பெருத்தால் உருண்டை.
இரண்டும் ஈடானால் அடுக்கடுக்காய்த் தாள்.
வால் அகன்றால்
தட்டையாக இருக்கும் பொறுமை
தாளுக்குப் போய்விடும்.

மாலை வரை தாள்தான்.
வளையங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என
படிக்கட்டு மாதிரி, பார்க்க அலுப்பாக.

காத்திருந்த நேரத்தில் ஸ்டோயான்
லிப்பிட்சா லாயத்தில் வேலை பார்த்த கதையைச் சொன்னான்.
வெள்ளைக் குதிரைகள். கறுப்பாய்ப் பிறந்து
மெல்ல மெல்ல வெளுப்பவை.
சேணங்களுக்கு எண்ணெய் தேய்ப்பது அவன் வேலை.
காற்றில் கையால் வரைந்து காட்டினான்:
முன்னும் பின்னும் ஏறும்,
இடமும் வலமும் இறங்கும்.
"இதைத்தானே நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள்?"
இதைத்தான்.
ஒரு திசையில் எவ்வளவு மேலே வளைகிறதோ
மறு திசையில் அவ்வளவு கீழே.
கூட்டிப் பார்த்தால் சுழியம்.
ஆனாலும் தட்டையில்லை,
எந்தப் புள்ளியில் விரல் வைத்தாலும்
உட்கார ஒரு சேணம்.

ஐந்து மணிக்குக் கதிர் திரும்பியது.
வெப்பத் தொட்டியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.
இருட்டில், எங்கள் கண் படாமல்,
அது பாகை பாகையாக ஏறியிருந்தது.
படிக்கட்டைக் காணோம்.
நெருங்கி நின்ற இரண்டு வளையங்கள்,
ஆறின் மூலமும் எட்டின் மூலமும்.
பிறகு நீண்ட வெறுமை.
பிறகு ஊசிமுனைகளாய்ச் சில.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஒரே தாள். ஓரம் இல்லை, முடிவில்லை.
அதன் இருபுறமும் நீரின் சுரங்கங்கள்,
மூன்று மூன்றாய்க் கிளைத்து,
ஒன்று இடஞ்சுழியாக, மற்றது வலஞ்சுழியாக.
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போகும்,
எங்குமே சந்திக்காது.

"லோக்கெவ் மாதிரி," என்றான் ஸ்டோயான்.
போருக்குப் பிறகு யாரோ பென்சிலால் கோடு போட
வீடு அந்தப் பக்கம், உருளைக்கிழங்கு வயல் இந்தப் பக்கம்.
அவன் அம்மா திரியெஸ்தேயில் காப்பிக்கொட்டை வாங்கி
கோட்டின் உட்துணிக்குள் வைத்துத் தைப்பாளாம்.
தையல் தெரியாது. வாசனைதான் தெரியும்.
காவலர்கள் மூக்கைச் சொறிந்துகொண்டு
வேறு பக்கம் திரும்புவார்கள், சில நாட்கள்.
சில நாட்கள் திரும்பமாட்டார்கள்.

"ஒன்றுமே கடக்காதா, உன் தாளை?"

சாயம் கடக்காது. உப்பு, மிக மிகத் தாமதமாக.
தண்ணீர் கடக்கும்.
கொழுப்பின் நடுவே, கதவில்லாத இடத்தில்,
ஒவ்வொரு மூலக்கூறாக,
எப்படியோ.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.

விடிந்ததும் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
பளிங்கு போலத் தெளிவு, ஆனால் நகரவில்லை.
உள்ளே அத்தனை வழிகள்,
வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை.
ஸ்டோயான் அதை வாங்கி
ஜன்னலுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தான்.
காற்று அடங்கவில்லை.
கண்ணாடித் துளியளவு இடத்தில்
பைன் மரங்கள் எதிர்த்திசையில் சாய்ந்தன.
இடது வலமாக,
அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக.